கடைசிக் கை

மேலே ஓடும் மின்விசிறிக்கு பேரிங் போய்விட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டக்கென்று ஒரு சத்தம். வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் இத்தனை பேரில் ஒருவர் காதிலும் அது விழுவதாகத் தெரியவில்லை. பஸ் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்தே தலை நரைத்தவன் என்பதால் எனக்கு மட்டும் அது காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கழற்றிக் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் போதும். வேண்டாம், பேரிங்கையே மாற்றிவிடலாம், பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியது. எடுத்துப் போட்டுவிட்டு. அங்கேதான் வந்து நிற்கிறது நினைப்பு. எங்கே சுற்றினாலும் அங்கே வந்து டக்கென்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எதிரே பச்சைத் திரை தொங்கும் கதவுக்குள் என்னைக் கூப்பிடுவார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர்களும் அதிகாரிகளுமாக ஒரு குழு. சொந்தமில்லாத ஒருவனுக்கு உன் சிறுநீரகத்தை ஏன் கொடுக்கிறாய் என்று கேட்பார்கள். வாங்கப்போகிற ஞானதிரவியம் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறான். அடுத்து நான். எனக்கு அடுத்து என் மனைவி ஆவுடை. அவள் பக்கத்து நாற்காலியில் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நிதானமாக உட்கார்ந்திருக்கிறாள். தரை துடைத்த டெட்டால் வாசனையும் யாரோ பிரித்த எலுமிச்சைச் சாதத்தின் வாசனையும் கலந்து வருகிறது. பசிக்கிற மாதிரியும் இருக்கிறது, குமட்டுகிற மாதிரியும் இருக்கிறது.

சொந்தமில்லை என்பதுதான் இங்கே சிக்கல். அண்ணன் தம்பி என்றால் ரேஷன் கார்டைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். நாங்கள் ஒரே பாலிடெக்னிக் விடுதியில், ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அதற்கு எந்த ஆபீசிலும் சர்டிபிகேட் தரமாட்டார்கள். போட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள். வீட்டில் ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படத்திலும் நான் இருக்கிறேன், மைதீன் பிச்சை இருக்கிறான், மெஸ் வாசலில் படுத்த நாய்கூட இருக்கிறது, ஞானம் மட்டும் இல்லை. படமெடுத்ததே அவன்தான், சிங்கப்பூரிலிருந்து அவன் மாமா அனுப்பிய கேமராவில். வேறு ஒருத்தன் கையில் கொடுக்கவே மாட்டான், படமெடுக்கிற ஆசையில் தான் படத்தில் இல்லை என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. ஒரே ஒரு படத்தில் என் காலடியில் அவனுடைய நிழல் விழுந்திருக்கிறது, முழங்கை இரண்டும் விரிந்து, குனிந்தபடி. மைதீன் பிச்சை அந்த நிழலைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு உள்ளே கொடுத்திருக்கிறான். தென்காசியில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கிறவன், எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர், அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். இப்போதுகூட டீ வாங்கிவருகிறேன் என்று கீழே போய் எவனிடமாவது எங்கள் விடுதியின் பெருமையை அளந்துகொண்டிருப்பான். அளக்கட்டும். நான் இங்கே உட்கார்ந்திருப்பதே அந்தப் பெருமையால்தான்.

கடைசிக் கை என்பது எங்கள் விடுதியில் யார் கொண்டுவந்தது என்று தெரியாத ஒரு வழக்கம். நாங்கள் சேரும்போதே இருந்தது. யாருக்காவது மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்கவேண்டும், சமையல்காரர் வராத நாளில் மாவாட்டவேண்டும், ஊரிலிருந்து துக்கச் சேதி வந்தவனை வீடுவரை கொண்டுபோய் விடவேண்டும், எதுவானாலும் சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் எழுந்து நின்று "கை" என்பான். எல்லோரும் தூக்கவேண்டும். என்ன வேலை என்று கேட்கக்கூடாது. தூக்கிய பிறகுதான் வேலையைச் சொல்வான். முடியாதவன் காரணத்தை உரக்கச் சொல்லிவிட்டு இறக்கிக்கொள்ளலாம். ஒருவன் கையை இன்னொருவன் இறக்கக்கூடாது, இறக்கு என்று சொல்லவும் கூடாது. கடைசியில் எவன் கை நிற்கிறதோ அவன் போகவேண்டும். முதலில் இறங்குகிற கை எப்போதும் என்னுடையது. நாளைக்கு டிராயிங் கொடுக்கணும், வயிறு சரியில்லை, அக்கா வீட்டுக்காரர் பார்க்க வருகிறார். எனக்கு அக்காவே கிடையாது. "மொதக்கை இசக்கி" என்றே என்னைக் கூப்பிட்டார்கள், நானும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பேன். ஞானம் கை பெரும்பாலும் கடைசியாக நிற்கும். பெரிய தியாகி என்றெல்லாம் இல்லை, அவனுக்குக் காரணம் சொல்ல வராது. யோசித்துக்கொண்டே நிற்பான், அதற்குள் மற்றவர்கள் எல்லோரும் இறக்கியிருப்பார்கள். போய்விட்டு வந்து என்னைத்தான் திட்டுவான். என் சீப்பை எடுத்துத் தலைசீவி, அதில் முடியை அப்படியே விட்டு வைப்பான். தூக்கத்தில் பல்லைக் கடிப்பான். அந்தச் சத்தத்துக்கு ஒரு குறிப்பிட்ட இடைவெளி உண்டு, இந்த மின்விசிறி மாதிரிதான். இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்கிற நிலைக்குப் பிறகு வந்துவிட்டது.

படித்து முடித்தும் அந்த வழக்கம் விடவில்லை. பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பழைய விடுதிக்குப் போவோம், பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். மெஸ் பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குச் சங்கம் கட்டுகிறது. குடிதண்ணீர் இயந்திரம் வாங்கி வைத்தோம். இறந்துபோன கூட்டாளி ஒருவனின் மகளை நர்சிங் படிக்க வைத்தோம். எங்கே யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் எங்களில் ஒருவன் போய்ப் படுப்பான். நான் பணம் கொடுத்திருக்கிறேன், பெஞ்சுக்கு ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறேன், ஆளாக எங்கேயும் போய் நின்றதில்லை. இந்த வருஷம் பாயசம் ஊற்றும் நேரத்தில் மைதீன் எழுந்து "கை" என்றான். பழக்கதோஷம், எல்லோர் கையும் போனது. நானும் வலது கையைத் தூக்கினேன். தூக்கியிருக்கக்கூடாது. அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே அந்தத் தோள் இறுகிக் கிடக்கிறது, சட்டை மாட்டவே ஆவுடை வேண்டும். மேலே போன கை அங்கேயே பூட்டிக்கொண்டது. கழுத்திலிருந்து விரல்வரை தீ மாதிரி ஒரு வலி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன், காதில் ஒரே இரைச்சல், மைதீன் பேசுகிறான் என்று தெரிகிறது, என்ன பேசுகிறான் என்று தெரியவில்லை. வலி கொஞ்சம் விட்டுக் கண்ணைத் திறந்தால் ஹாலில் என் கையைத் தவிர ஒரு கையும் மேலே இல்லை. குழாயடிப் பக்கம் நின்ற ஞானம் மட்டும் தன் கையை அப்போதுதான் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான், என்ன வேலை என்று தெரியாமல் அவனும் தூக்கியிருந்தான், மைதீன் சொன்ன வேலை அவனுக்கே சிறுநீரகம் தருவது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொதக்கை இசக்கியின் கை கடைசியாக நின்றது. மைதீன் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதான், அப்போதும் என் கை அவன் தலைக்கு மேலே நின்றது.

அப்போதே சொல்லியிருக்கலாம். தோள்வலிடே, இறங்கமாட்டேங்குது என்று ஒரு வார்த்தை, சிரித்திருப்பார்கள். எனக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் வாசலில் கட்டியிருந்த மாலையை அவிழ்த்து எனக்குப் போட்டுவிட்டார்கள். புரிந்த பிறகு சொல்லியிருக்கலாம். அது முடியவில்லை என்று சொல்வது பாதிதான் நிஜம். பிடித்திருந்தது. எத்தனையோ வருஷம் கழித்து அத்தனை பேரும் என்னை அப்படிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் கால் நிலத்தில் பாவவில்லை. அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன், நிச்சயம் பொருந்தாது என்ற தைரியத்தில். பொருந்தியது. ஞானத்தின் தம்பிக்குப் பொருந்தாதது, சர்க்கரை இருப்பதால் அவன் மனைவி எஸ்தர் தரமுடியாதது, எனக்குப் பொருந்திவிட்டது. அடுத்த பரிசோதனையில் ஏதாவது கோளாறு வரும் என்று காத்திருந்தேன். கல் இருக்கும், பிரஷர் இருக்கும், எந்த மனுஷனுக்கு இந்த வயதில் ஒன்றும் இல்லாமல் இருக்கும். எனக்கு ஒன்றும் இல்லை. நல்ல உடம்பு என்று டாக்டர் முதுகைத் தட்டினார். நல்ல உடம்பு இருப்பதற்காக வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுத்தவன் நானாகத்தான் இருக்கவேண்டும். படுத்தால் முதுகின் இடது பக்கம், விலாவுக்குக் கீழே, அது இருக்கிற இடம் எனக்குத் தெரிகிறது. இத்தனை காலம் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது குளிக்கும்போது சோப்பு அங்கே வந்ததும் கை நின்றுவிடுகிறது. அறுப்பார்கள். மயக்கத்தில் தெரியாது என்கிறார்கள். தெரியாது என்பதுதான் எனக்குப் பயம். எஞ்சினை இறக்கும்போது எது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து பழகியவன் நான்.

ஆவுடை தோளில் கை வைக்கிறாள். வலிக்குதா என்று கேட்கிறாள், இல்லை என்கிறேன். "பெறவு என்னத்த யோசிக்கிய?" என்கிறாள். மின்விசிறியைக் காட்டுகிறேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆமா சத்தம் வருது என்கிறாள். தினமும் அந்தத் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் அவள். எந்த மட்டத்துக்கு மேல் கை போகாது, போனால் எப்படி மாட்டிக்கொள்ளும் என்பது என்னைவிட அவளுக்குத் தெரியும். விடுதியில் கை தூக்கினேன் என்று நான் வந்து சொன்னபோது எந்தக் கையை என்று மட்டும் கேட்டாள். வலது என்றேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நீங்க என்ன சொல்லுதியளோ அதுக்கு நான் சரி, எப்ப சொன்னாலும் சரி என்றாள். அந்த 'எப்ப சொன்னாலும்' எனக்குள் கிடக்கிறது. மாற்றிச் சொல்ல வழி இருக்கிறது என்று இங்கே சிறுநீரக மாற்று வேலைகளை ஒருங்கிணைக்கிற அம்மாளும் சொன்னார். போன தடவை என்னைத் தனியாக உட்காரவைத்து, சார், உள்ள உங்ககிட்ட தனியாத்தான் கேட்பாங்க, விருப்பமில்லைன்னா அங்க சொல்லிடுங்க, உடம்பு ஒத்துவரலைன்னு மட்டும்தான் நாங்க வெளியில சொல்லுவோம், ஒருத்தருக்கும் தெரியாது என்றார். ஒருத்தருக்கும் தெரியாது. எவ்வளவு சௌகரியமான வார்த்தை. ராத்திரி பகல் அதையே மென்றுகொண்டிருக்கிறேன். சொல்லிவிடலாம். மாலையும் மரியாதையும் அப்படியே இருக்கும், முயற்சி பண்ணினான் பாவம் என்பார்கள், உடம்புக்கும் ஒன்றும் ஆகாது. ஞானத்துக்கு? அங்கே வந்து டக்கென்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் அவனைப் படுக்கப்போட்டு ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விடுகிறார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு டாக்டர் பேச்சை மாற்றினார். ஊசி குத்துவதற்காக அவன் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள், அந்த இடம் புடைத்துக்கொண்டு கிடக்கிறது. தொட்டுப் பாருடே என்றான். தொட்டேன். உள்ளே விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. டிப்போவில் விடியற்காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தியிருக்கும்போது பானெட்டில் கை வைத்தால் இருக்குமே, அந்த அதிர்வு. கையை எடுத்த பிறகும் என் விரலில் அது போகவில்லை, சாப்பிடும்போது சோற்றில் இருந்தது.

திரை விலகுகிறது. ஞானம் வருகிறான். உள்ளே போனதைவிட மெலிந்து வருகிற மாதிரி இருக்கிறது, சட்டைதான் பெரிசு. நேரே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறான். பிறகு வந்து ஆவுடையிடம், மைனி, கொஞ்சம் வெந்நி கெடைக்குமா என்கிறான். அவன் தண்ணீர் அளவாகத்தான் குடிக்கவேண்டும், அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறாள், போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். அவன் அவள் நாற்காலியில் உட்காருகிறான். வேட்டி மடிப்பை நீவிவிடுகிறான். விடுதியிலும் கடினமான விஷயம் பேசுவதற்கு முன்னால் இப்படித்தான் எதையாவது நீவுவான்.

"இசக்கி, உள்ள கேட்டாவ, அவரா மனசார முன்வந்தாரான்னு. ஆமான்னுட்டேன்."

"சரி."

"சரியில்லல. எனக்கு அன்னைக்கே தெரியும். நான் எதுத்தாப்புலதான நின்னேன். ஒன் மூஞ்சியப் பாத்தேன். ஒனக்குக் கை எறங்கல."

மின்விசிறி ஒரு சுற்று முடிக்கிறது. திருடிய பொருளைத் தெருவில் வைத்துப் பிரித்துக் காட்டினால் இப்படித்தான் இருக்குமோ என்னவோ. அதற்குள் கோபமும் வருகிறது. தெரியும் என்றால் இத்தனை மாதம் என்ன செய்துகொண்டிருந்தான், நான் ஒவ்வொரு பரிசோதனைக்கும் வெறும் வயிற்றோடு போய் நின்றேனே, அவனும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தானே. ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன்போல. அவன் என்னைப் பார்க்காமல் தன் இடது கையைப் பார்க்கிறான், அந்தப் புடைப்பை.

"ஆசைதாண்டே. உசிரு மேல ஆச. வேறென்ன சொல்லச் சொல்லுத."

அவன் அதை வெட்கத்தோடு சொல்கிறான். காரணம் சொல்லத் தெரியாதவன் சொன்ன முதல் காரணம். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, பாவம் என்பதைவிட வேறு ஒன்று, எனக்கு அவன்மேல் எவ்வளவு பிரியம் என்று இந்த நிமிஷம்தான் தெரிகிறது. அவன் பேசிக்கொண்டே போகிறான். உள்ளே ஆமாம் என்று சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டதாம். பொய் சொல்லி வாங்கியதை உடம்பில் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் இருந்து என்ன என்று தோன்றியதாம். நீ உள்ளே போய் எனக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொல்லு, அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள், மைதீனிடம் நான் பேசிக்கொள்கிறேன், உனக்கு ஒரு கெட்ட பேரும் வராது என்கிறான். எனக்கு வேண்டிய வார்த்தைகள் எல்லாமே, அதே வரிசையில். இத்தனை நாள் மென்றதை அவன் எடுத்துக் கையில் தருகிறான். வாங்கிக்கொள்ளவேண்டியதுதான் பாக்கி. பிறகு, "கைய எறக்கிக்கடே" என்கிறான். இதை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வழக்கம் அதுவா? ஒருவன் கையை இன்னொருவன் இறக்கலாமா? மாவாட்டுவதற்குத் தூக்கிய கையைக்கூட எவனும் அப்படிச் சொன்னதில்லை. என்னைக் கேலி செய்தார்கள், மொதக்கை என்றார்கள், பொய்க்காரணம் என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் இறக்கு என்று ஒருவனும் சொன்னதில்லை, நானாகத்தான் இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் நானாக. உடம்பெல்லாம் சூடாகிறது. இவ்வளவு கோபம் எனக்கு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மாலை போட்டபோது வந்த சந்தோஷத்தைவிட இது நன்றாக இருக்கிறது, காலுக்குக் கீழே தரை தெரிகிறது.

"என் கைய எறக்குததுக்கு நீ யாருல?" என்கிறேன்.

அவன் நிமிர்ந்து பார்க்கிறான். மறுபடி வேட்டி மடிப்பை நீவுகிறான். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து என் பெயரை அழைக்கிறார்கள், இசக்கிமுத்து, இசக்கிமுத்து யாருங்க. எழுந்திருக்கிறேன். ஆவுடை பிளாஸ்கோடு திரும்பி வந்துகொண்டிருக்கிறாள், மைதீன் டீயோடு படியேறி வருகிறான், இரண்டு பேரையும் பார்த்தபடியே திரையை விலக்கிக்கொண்டு போகிறேன். பயம் போகவில்லை. முதுகில் இடது பக்கம் அது இருக்கிற இடம் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. அறையில் ஏசி, மின்விசிறி இல்லை, சத்தமில்லாமல் இருப்பது ஒரு மாதிரி இருக்கிறது. நடுவில் உட்கார்ந்திருக்கிற பெண் டாக்டர் உட்காருங்க ஐயா என்கிறார், வயதானவர், கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார். கையில் சிவப்பு வட்டம் போட்ட போட்டோ. இதில் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார். நிழலைக் காட்டுகிறேன், எங்களைப் படமெடுத்தவன் அவன் என்கிறேன். ஓரத்திலிருந்த ஓர் அதிகாரி சிரிக்கிறார். டாக்டர் சிரிக்கவில்லை, அந்த நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படத்தைக் கீழே வைக்கிறார். உங்க நண்பர்கள் சங்கத்துல உங்களுக்கு மாலையெல்லாம் போட்டுக் கொண்டாடினாங்களாமே என்கிறார். ஆமாம் என்கிறேன். அதுக்கப்புறம் மாட்டேன்னு சொல்றது கஷ்டம் இல்லையா என்கிறார். ஆமாம், கஷ்டம்தான் என்கிறேன். அவர் பேனாவை மூடி வைக்கிறார்.

"அதனாலதான் கேக்கிறேன். இப்ப இங்க உங்க ஆளுங்க யாரும் இல்ல. பயப்படாம சொல்லுங்க. கொடுக்கணும்னு இது நீங்களா எடுத்த முடிவா?"

வலது கை மடியில் கிடக்கிறது, தோளில் மெல்லிய வலி. அது கிடக்கட்டும். இடது கையைத் தூக்குகிறேன். லேசாகப் போகிறது, காதைத் தொட்டுக்கொண்டு நேராக நிற்கிறது. வாயால சொன்னாப் போதும் ஐயா, கையெல்லாம் தூக்க வேண்டாம் என்கிறார் டாக்டர். தெரியும் என்கிறேன். இந்தத் தோளில் ஒரு கோளாறும் இல்லை, இறக்கினால் இறங்கும். இறக்காமல் வைத்திருக்கிறேன்.